ஜவாத் ஹாஜியாரின் முருகைக்கல் தொட்டி

செய்தி வந்தபோது நான் கற்பிட்டிச் சந்தையில் மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் வட்ஸ்அப் குழுவில் யாரோ மரணச் செய்திக்குரிய 'இன்னாலில்லாஹ்' போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு படம்: வெள்ளை ஜுப்பாவில் ஜவாத் ஹாஜியார், அவருக்குப் பின்னால் நீல வெளிச்சத்தில் அவருடைய ஹோட்டலின் கடல்நீர்த் தொட்டி. பின்னேரத்துக்குள் அதே படம் பதாகையாகிச் சந்தியில் தொங்கியது. 'முருகைக்கற்களின் காவலர்' என்று எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு முருகைக்கல் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். காவல் என்றால் என்னவென்றுமா தெரியாது?

அந்தத் தொட்டியைப் பராமரித்தவள் நான் என்பதால், நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க மிஸ்" என்றார்கள். தேடிப் பார்த்தேன். ஹாஜியாரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிந்ததை இந்த ஒரு மாதத்துக்குள் மறந்துவிட்டவர்களுக்காகவும்.

யுத்தம் முடிந்து, டொல்பின் பார்க்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலத்தில் அவர் ஹோட்டலைக் கட்டினார். வரவேற்பு மண்டபத்தில் ஒரு வேன் அளவுக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உயிருள்ள முருகைக்கற்கள், கடலடியில் பவளப்பாறையாக வளர்பவை. நான் கடற்றொழில் விஞ்ஞானம் படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மகள், இதச் சாகாம வெச்சிருக்க ஏலுமா?"

"ஏலும் ஹாஜியார். ஆனா தண்ணிய ஒவ்வொரு நாளும் சோதிக்கணும்."

முருகைக்கல் தண்ணீரிலுள்ள கல்சியத்தை எடுத்துத்தான் தன் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது என்றும், கடலில் அது குறையாது, தொட்டியில் குறையும் என்றும், குறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னேன். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு விழவும் கூடாது, திடீரென்று ஏறவும் கூடாது என்றேன். அவர் தொலைபேசியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கடல் பக்கத்துலதான் இருக்கு. செத்தா வேற கொண்டு வரலாம்."

இந்த வாசகத்தை அதன் பிறகு பலமுறை கேட்டேன். சமையற்காரர் காய்ச்சலில் விழுந்தபோதும் கொஞ்சம் மாற்றி இதையேதான் சொன்னார்.

முதல் தடவை கல்சியம் குறைந்தபோது அதற்குரிய பவுடரைக் கொழும்பிலிருந்து எடுக்கச் சொன்னேன். மறுநாள் காலை தொட்டியின் அடியில் வெள்ளைக் கட்டிகள் கிடந்தன. மேலே பாலாடை போல ஏதோ படர்ந்திருந்தது. ஹாஜியார் பாமசியில் கல்சியம் மாத்திரை வாங்கி, உரலில் இடித்துக் கொட்டியிருந்தார்.

"புள்ளத்தாச்சிமாருக்குக் குடுக்கிற அதே கல்சியம்தான். மனுசனுக்குச் சரியெண்டா கல்லுக்குச் சரியில்லையா?"

பக்கத்தில் நின்ற கணக்காளர் சிரித்தார். அவருக்கு அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். அந்தக் கட்டிகளைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் போனது. அன்றைக்கே வந்திருந்த விருந்தாளிகளுக்குத் தன்னுடைய கண்டுபிடிப்பு என்று அவர் அதை விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து பிஎச் விழத் தொடங்கியது. காரணம் எளிது. ஏசி மண்டபம், எப்போதும் அடைத்த கதவுகள், வாரக் கடைசிகளில் கல்யாண வீடுகள். இத்தனை பேர் விடுகிற மூச்சு அந்தத் தண்ணீரில்தான் போய்க் கரைந்து அமிலமாகிறது. விடியற்காலையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தால் போதும் என்றேன்.

"ஏசி போட்ட இடத்துல ஜன்னலத் திறக்கச் சொன்ன முதல் படிச்ச ஆள் நீங்கதான்" என்றார். தச்சரைக் கூப்பிட்டு அந்த இரண்டு ஜன்னல்களையும் ஆணி வைத்து அடிக்கச் செய்தார். ஒரு வாக்குவாதத்தில் வெல்வதற்காக ஆணி அடிக்கிற மனிதரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டிருக்கிறேன். அவருக்குத்தான் இப்போது பதாகை கட்டியிருக்கிறீர்கள்.

சுவரில் துளை போட்டு ஒரு மெல்லிய குழாயை வெளியே விட்டு, தொட்டியின் இயந்திரம் வெளிக்காற்றை இழுக்கும்படி செய்தேன். பிஎச் ஏறியது. ஜன்னலுக்கு ஆணி அடித்ததால்தான் தொட்டி சுகமானது என்று அவர் ஊரெல்லாம் சொன்னார்.

பிறகு சுண்ணாம்பு. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் கல்சியத்தையும் தரும், பிஎச்சையும் தாங்கும். ஆனால் அதை இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அதற்கென்று ஒரு பீப்பாய் வைத்திருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வரவிருந்தார். முருகைக்கற்கள் நிறம் மங்கியிருப்பதாக ஹாஜியாருக்குப் பட்டது. நான் வேலைக்கு வருமுன் பீப்பாயின் அடியிலிருந்த மண்டியைக் கலக்கி, வாளியில் அள்ளித் தன் கையாலேயே ஊற்றிவிட்டார்.

நான் உள்ளே வந்தபோது தொட்டி பாலாக இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. கடல்நீர் கொண்டுவந்து மாற்றினோம், பயனில்லை. மத்தியானத்துக்குள் முருகைக்கற்களின் சதை நூல்நூலாக உரிந்து மிதந்தது. மிஞ்சியது வெள்ளை எலும்பு. அந்தப் பெரிய மனிதர் வந்து, தண்ணீர் ஏன் பால் மாதிரி இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். இது வெளிநாட்டுப் புது முறை என்று ஹாஜியார் பதில் சொன்னார்.

பெரிய மனிதர் போனதும் ஹாஜியார் என்னிடம் திரும்பி, "முகத்த அப்படி வெச்சிருக்காதீங்க. கடல் பக்கத்துலதான் இருக்கு" என்றார்.

கடலிலிருந்து கல் கொண்டுவருகிறவர் இர்பான், பள்ளிவாசல்துறையில் முக்குளிக்கிற சுழியோடி. அன்று மண்டபத்துக்கு வந்து தேத்தண்ணி குடித்தபடி மெதுவாகச் சொன்னார்: "கல்லு உடைக்கிறது சட்டத்துக்கு மாறு ஹாஜியார். இப்ப நல்லாப் பார்க்கிறாங்க. படகப் புடிச்சா என்ட குடும்பம் என்ன செய்யும்?"

"புடிச்சா என்ட பேரச் சொல்லு. அதுக்குப் பிறகு யாரு பேசுவா?"

மறுநாள் பிடித்தார்கள். இர்பான் ஹாஜியாரின் பெயரைச் சொன்னார். அதிகாரிகள் அவரை இடுப்பில் ஈரச் சாரத்தோடு மண்டபத்துக்கு அழைத்து வந்தார்கள். ஹாஜியார் அவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இந்தப் புள்ளய நான் கண்டதே இல்ல சேர். எங்கட சாமான் எல்லாம் லைசன்ஸ் உள்ள இடத்துல எடுத்தது."

 இர்பான் காலடியில் சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பேசினேன்.

"கண்டிருக்கிறார் சேர். நேத்து இந்தக் கதிரையில இருந்துதான் இவர் தேத்தண்ணி குடிச்சார்."

ஹாஜியார் சிரித்தார். "இவ நேத்தே வேலைய விட்டுப் போனவ. கோபத்துல கதைக்கிறா."

அப்படித்தான் என் வேலை போனது எனக்கே தெரியவந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் ஹாஜியார் மேல் வழக்கு இல்லை. இர்பானின் படகு, வழக்கு முடியும்வரை வெயிலில் கிடந்து வெடித்தது. அவர் இப்போது நுரைச்சோலையில் நாட்கூலிக்குப் போகிறார். ஹாஜியார் பாடசாலைகளுக்குப் போய் முருகைக்கற்களைப் பாதுகாப்பது பற்றிப் பேசத் தொடங்கினார். நீங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள்.

ஜனாஸா அடக்கி நாலைந்து நாட்களுக்குப் பிறகு அவருடைய மனைவி மர்ளியா ராத்தா என்னைக் கூப்பிட்டார். கணவரை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தார், அறைக்குள் இருந்தபடியே பேசினார்.

"தொட்டிய விக்கப் போறாங்களாம். உள்ள ஏதும் உசுரோட இருந்தா நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க."

மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டி நிறையப் பிளாஸ்டிக் முருகைக்கற்கள். இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை. கை விட்டு ஒவ்வொன்றாக விலக்கினேன். பின்மூலையில், பழைய எலும்புத் துண்டுகளுக்கு நடுவே, உள்ளங்கையளவில் பழுப்பாக ஒன்று. தொட்டதும் சுருங்கியது. உயிர். யாரும் அதற்கு எதுவும் போடவில்லை. செத்துப் போனவை கரைந்து கொடுத்த கல்சியத்தில் அது தன் பாட்டில் வளர்ந்திருந்தது.

வாளியோடு திரும்பி வந்து ராத்தாவிடம் காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"கடல்ல விட்டா என்ன?"

"தொட்டியில இருக்கிற நோய் கடலுக்குப் போயிரும் ராத்தா."

தலையாட்டினார். "மலர்ல எழுதச் சொன்னாங்களாமே?" என்றார்.

"ஓம்."

"உள்ளத எழுதுங்க. எனக்கு மட்டும் வாசிச்சுக் காட்ட வேணாம்."

எழுதிவிட்டேன். அந்த முருகைக்கல் என் வீட்டில், ஜன்னலோரத் தொட்டியில் இருக்கிறது. ஓரத்தில் புதிதாக ஒரு வெள்ளை விளிம்பு கட்டத் தொடங்கியிருக்கிறது. ஜவாத் ஹாஜியாரின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அவர் அதை வளர்க்கவில்லை. அவரால் அதைக் கொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.