மாமல்லபுரத்தில் ஐரிஷ் இலக்கிய நடை: கெட்டிலில் இருந்தது டீயா?

நேற்று மாலை, 2008 பொங்கல் லீவு முடிய ஒரு நாள் மிச்சமிருக்கையில், நானும் என் வீட்டுக்காரர் முரளியும் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போய் ஐரிஷ் இலக்கிய நடை ஒன்றில் கலந்துகொண்டோம். அயர்லாந்துக்கும் மாமல்லபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சிற்பம் கற்க வந்து, மூன்று வருஷமாகக் குளிர்காலம் முழுக்க இங்கேயே கிடக்கும் கெவின் என்ற ஐரிஷ்காரர்தான் சம்பந்தம்.

முரளி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். ஐரிஷ் கதைகள் என்றால் உயிர். ராத்திரி சாப்பிட்டதும் ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கிளாஸ் என்று உட்கார்ந்து எனக்கும் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிப்பார். ஏழு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததும் கிளாஸை விட்டார். கூடவே புத்தகத்தையும் விட்டுவிட்டார். புத்தகத்தைத் தொட்டால் இன்னொரு கை கிளாஸைத் தேடுகிறதாம். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) புத்தகமாவது திரும்பி வரட்டும் என்று இந்த நடைக்கான நோட்டீஸைப் பார்த்துப் பெயர் கொடுத்தது நான். தலைக்கு நூற்றைம்பது ரூபாய்.

மூன்று மணிக்கு பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கடற்கரைக் கோயில் பக்கம் நின்றிருந்த கெவின், மீனவர்களிடம் கற்ற தமிழில் ஆரம்பித்தார்.

"அண்ணாத்த, எங்க ஊர்ல எழுத்தாளனைத் தேடிகினு வூட்டுக்குப் போனா இருக்க மாட்டான். பாருக்குத்தான் போவணும். அதனால நாமளும் பார் பாரா நடக்கப் போறோம்."

நோட்டீஸில் நடை என்று இருந்ததே தவிர, எங்கெல்லாம் நுழையும் நடை என்று இல்லை. "திரும்பிடலாங்க" என்றேன்.

"வந்தது வந்துட்டோம் விஜி, கதைய கேட்டுகினு போலாம்" என்று அவர் முன்னால் நடந்துவிட்டார்.

அவர்கள் ஊர் பார் மாதிரி பப் இங்கே ஏது? வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும் மீன் ஓட்டல்கள் மூன்றுதான் கெவினின் பப். மொத்த நடை ஒரு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஒவ்வொன்றிலும் உட்கார வைத்து, தன் ஊர் எழுத்தாளர் ஒருவரின் கதையைச் சொல்லி, ஒரு பக்கம் வாசித்தார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கண் எல்லாம் முரளி மேல். முதல் ஓட்டலில் சோடா குடித்தார், இரண்டாவதில் இளநீர். கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாவதில் இஞ்சி டீ சொன்னார். கெவினும், நடைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த இரண்டு பாங்க்காரர்களும் பீர் சொன்னார்கள். வந்ததோ ஒரே மாதிரி நான்கு பீங்கான் கெட்டில்கள், ஒரே மாதிரி கப்புகள்.

"இதுல எதுங்க டீ?" என்று பரிமாறியவரைக் கேட்டேன்.

"லைசென்ஸ் கெடையாதுக்கா. கிளாஸ்ல ஊத்துனா பேஜாரு. அதான் பீரும் கெட்டில்லயே வருது. நாங்களே மோந்து பாத்துதான் வெப்போம்."

"இப்ப மோந்து பாத்தீங்களா?"

"இன்னிக்கு எனக்கு சளி புடிச்சுகினு கீதுக்கா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் திரும்புவதற்குள் முரளி ஊற்றிக்கொண்டுவிட்டார். எந்தக் கெட்டிலிலிருந்து என்று நான் பார்க்கவில்லை. மேசை முழுக்க பீர் வாடை. அந்த நேரம் பார்த்து கெவினுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "சாரு, நீ வாத்தியாராமே. நீ படி" என்று புத்தகத்தை நீட்டினார்.

முரளி எழுந்து நின்றார். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கப். அதே பழைய கோலம். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று வாசித்தார். நான் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி வருகிறதா? இந்தக் கடல் காற்றில் எந்த ஆவி நிற்கும்? ஒரு வாய் குடித்தார். உதட்டில் ஒட்டியது நுரையா, பாலாடையா? பக்கத்தைத் திருப்பிவிட்டு இன்னொரு வாய். கடைசியில் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் கப்பை வைத்துவிட்டு கெவின் பக்கம் திரும்பியதும், மிச்சத்தை எடுத்து மடக்கென்று குடித்தேன்.

இஞ்சி டீதான். நன்றாக ஆறிப்போயிருந்தது. அழுகை வந்துவிட்டது. நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

ஏழரை மணி பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டார். "நான் படிச்சது எப்படி இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன், ஒரு வரிகூட ஞாபகமில்லை. எதற்காக அவரை இழுத்துக்கொண்டு போனேனோ அதைக் கேட்காமலே திரும்பியிருக்கிறேன்.

"கேக்கலங்க" என்றேன்.

"தெரியும்" என்று பையைத் திறந்தார். கெவினிடம் இரவல் வாங்கிய அதே புத்தகம். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச்சில் கெவின் ஊருக்குக் கிளம்பிவிடுவார், அதற்குள் போங்கள். நடை குறைவுதான், சாதாரணச் செருப்பு போதும். குடியை விட்டவர் யாராவது கூட வந்தால் கெவினிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டீயைக் கண்ணாடி கிளாஸில் தரச் சொல்லலாம், எனக்குத்தான் தோன்றாமல் போனது.

அது என்ன கதை என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கண்டக்டர் விளக்கை அணைத்துவிட்டார், பாதிதான் ஆயிற்று. மீதி இன்றைக்கு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு கைக்குப் புத்தகம் இருக்கிறது. இன்னொரு கைக்கு இஞ்சி தட்டி வைத்திருக்கிறேன்.