ஆறு எலியும் இருநூற்று நாற்பது கலங்களும்

1986ஆம் ஆண்டு நோன்பு மாதம். இலங்கையின் கிழக்கே, மருதமுனையில் எங்கள் வீட்டுக்குள் பதினொரு நாள் அடைபட்டுக் கிடந்தேன். ஊரடங்கு. கல்முனையிலிருந்து பஸ் எதுவும் இல்லை. அந்த நாட்களில் நான் அழுத அழுகை, சகோதரர்களே, படைத்தவனுக்குத்தான் தெரியும்.

அப்போது மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூளை நரம்புகளைப் பற்றிப் பட்டப்பின்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். நெசவுக்காரன் மகன் மூளையைப் படிக்கிறான் என்று ஊரில் பேச்சு. எனக்கும் தலைக்கனம். உயிரியல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. புள்ளிவிபரவியல்தான் கழுத்தைப் பிடித்தது. பட்டினி போட்ட எலிகள் மூன்று, தீனி கொடுத்த எலிகள் மூன்று. எலிக்கு நாற்பது நரம்புக்கலங்களை, அதாவது செல்களை, அளந்து, பட்டினியால் கலம் சுருங்குகிறது என்று ஒப்படைக் கட்டுரை எழுதினேன். இரண்டு தடவை திரும்பி வந்தது. ஊருக்கு வந்த பிறகு, ஊரடங்குக்கு முதல் நாள், விரிவுரையாளரின் கடிதமும் வந்தது. "உமது மாதிரிகள் எத்தனை? அதைத் தெரிந்துகொண்டு மாத முடிவுக்குள் வாரும். இதுவே கடைசித் தடவை."

இருநூற்று நாற்பது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேனே. இந்த மனிதருக்குக் கண் தெரியவில்லையா என்று கோபப்பட்டேன். பிறகு பயம் வந்தது. கேட்க ஆளில்லை, பார்க்கப் புத்தகமில்லை. ஜன்னலைத் திறந்தால் வெறும் வீதி. படிப்பு போய்விட்டால் வாப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஒவ்வொரு லுஹர் தொழுகையிலும் ஸுஜூதில் விழுந்து கேட்டேன். "யா அல்லாஹ், பாதையைத் திற." பாதை திறக்கவில்லை. கடைசியில் கல்குலேட்டரின் பற்றரியும் செத்துவிட்டது. கடைகளெல்லாம் பூட்டு. அன்று, "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ரப்பே" என்று மட்டும் சொன்னேன். அதற்கு முன் அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை.

தொழுதுவிட்டு வந்து, கையால் கூட்டுவோம் என்று தங்கச்சி ஜெஸீமாவைக் கூப்பிட்டேன். அவள் தறியில் நெய்பவள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அவள் எண்களை வாசிக்க நான் எழுதினேன். பாதியில் நிறுத்திவிட்டாள். அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, இதெல்லாம் எத்தின எலிட?"

"ஆறு."

"அப்ப என்னத்துக்கு இருநூத்தி நாப்பதெண்டு எழுதிக் கிடக்கு?"

"உனக்கு விளங்காது. வாசி."

அவள் வாசிக்கவில்லை. "ஒரு பாவில பத்துச் சாரன் அறுக்கிறம். பாவுக்குச் சாயம் பிழைச்சா பத்தும்தான் பிழைக்கும். அதுக்காகப் பத்துப் பிழை எண்டு கதைக்கிறயா? பிழை ஒண்டுதானே."

பா என்பது தறியில் நீளமாக ஓடும் நூல், சாரன் அதில் நெய்து அறுக்கும் லுங்கி. பிறந்ததிலிருந்து அந்தப் பாவைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். தாளில் எலி எலியாகப் பிரித்துக் கோடு போட்டேன். ஒரே எலியின் நாற்பது கலங்கள், ஒரே பாவில் அறுத்த நாற்பது சாரன்கள். என் மாதிரிகள் ஆறுதான்.

எலிக்கு ஒன்றாக ஆறு சராசரிகளை வைத்துக் கணக்கைத் திருப்பிச் செய்தேன். என் பெரிய கண்டுபிடிப்பு காணாமல் போனது. கலம் சுருங்குகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் வந்தது. வெட்கமாக இருந்தது. நோன்போடு பொய் எழுத மனம் வரவில்லை, வந்ததையே எழுதினேன்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்க ஊரடங்கைத் தளர்த்தினார்கள். சைக்கிளில் கல்முனைக்குப் போய் பஸ் பிடித்தேன். விரிவுரையாளர் கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இப்போதுதான் உண்மையை எழுதியிருக்கிறீர்" என்றார். சித்தியடைந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

இன்று நானும் படிப்பிக்கிறேன். மாணவர்கள் எத்தனை பெரிய எண்ணோடு வந்தாலும், "எத்தனை பா?" என்றுதான் முதலில் கேட்பேன். சிரிப்பார்கள், பிறகு எண்ணுவார்கள். எந்தத் தொழுகையிலும் ஜெஸீமாவுக்குத் துஆக் கேட்காமல் நான் எழுந்ததில்லை.

பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர்களே, எனக்கு விளங்கவில்லை என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். நான் வீதியைத் திறக்கச் சொல்லிப் பதினொரு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் அந்த வீட்டுக்குள்ளேதான் தறியில் இருந்தது.