தங்கூசி கட்டிய பேஸ் கிற்றார்

விற்பனைக்கு வரும் பழைய கிற்றார்களைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வாங்கப் போவதில்லை. கோயில் பாடகர் குழுவை நடத்துகிறேன் என்று ஒரு சாட்டு இருக்கிறது, அவ்வளவுதான். அதிலும் நல்ல கிற்றார் எதிலும் என் கண் நிற்காது. கதவுப் பலகையில் வெட்டி, பிணைச்சல் இருந்த துளையைக்கூட அடைக்காமல் விற்கிறவர்கள், கழுத்து வாழைக்காய் மாதிரி வளைந்து கிடக்க "லேசாகப் பாவித்தது" என்று எழுதுகிறவர்கள், கட்டில் விரிப்பில் வைத்துப் படமெடுத்துத் தங்கள் கால்விரலையும் சேர்த்துக் காட்டுகிறவர்கள், இவர்களைத்தான் தேடிப் போவேன். செய்தவனுக்கு வெட்கமில்லையா என்று வாய்விட்டுத் திட்டுவேன். பிறகு அதை யாரோ வாங்கிவிட்டார்கள் என்று கண்டால் ஏனோ மனது ஆறும்.

இந்தப் பழக்கம் அண்ணனிடமிருந்து ஒட்டியது. அவர் கற்பிட்டிக் கரையில் பைபர் படகு செய்தவர். வேலை இல்லாத நாட்களில் கடலுக்கும் போவார். எங்கள் குழுப் பாட்டில் அடிச்சத்தம் இல்லை என்பது அவருக்குத் தீராத குறை. அப்படித்தான் விளம்பரங்களைக் கிளறத் தொடங்கினார். உடைந்துபோன ஒரு பேஸின் கழுத்தை ஓரிடத்திலும், சத்தம் பிடிக்கிற காந்தச் சுருளை இன்னோரிடத்திலும் வாங்கினார். உடம்பைத் தானே செய்தார். படகு செய்கிற கை வேறெப்படிச் செய்யும்? அச்செடுத்து, பைபர் பாய் விரித்து, ரெசின் பூசி, மேலே படகுக்கு அடிக்கிற அதே நீலத்தை அடித்தார். படகின் முன்பக்க அணியத்தில் வரைவது போலத் தலையில் ஒரு சின்ன வெள்ளைச் சிலுவை. புதுப் படகைக் கடலில் இறக்குமுன் மந்திரிக்கக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதையும் விடாமல் பாதரிடம் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளிப்பித்தார்.

கம்பிதான் கிடைக்கவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. எங்கள் கரையில் அறுந்ததெல்லாம் தங்கூசியால்தான் கட்டப்படும்: செருப்பு, வேலி, ஜெபமாலை. அண்ணன் மீன்பிடிக்கிற அந்த நைலோன் நூலில் நான்கு தடிப்பில் தேர்ந்து, அடிக்கம்பிக்குச் சுறாத் தூண்டிலின் தங்கூசியைக் கட்டினார். திருநாள் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் வயரைச் செருகி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் வரவில்லை. இரும்புக் கம்பி அதிர்ந்தால்தான் அந்தக் காந்தத்துக்குத் தெரியும், நைலோன் அதற்கு ஒன்றுமேயில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. குழு சிரித்தது. அவரும் சிரித்தார். சிலாபத்துக்குப் போகும்போது கம்பி வாங்கிவருவதாகச் சொல்லி அதைச் சுவரில் மாட்டினார்.

கடலைக் குழப்பும் கச்சான் காற்றுத் தொடங்கிய நாட்களில் தனியாகக் கடலுக்குப் போனார். படகு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் மரித்த ஆத்துமாக்களின் பூசையில் ஊரின் இறந்தவர்களுடைய பெயர்களை வாசிப்பார்கள். நான் முன்னால் நின்று பாட்டைத் தொடங்குவேன். அண்ணனின் பெயர் மட்டும் வராது. மச்சாள், அண்ணனின் மனைவி, கொடுக்க விடவில்லை. யார் கேட்டாலும் "கடலுக்குப் போனவர்" என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவள் பிடிவாதத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். அவர் என் அண்ணனும்தானே. அவருக்காக ஒரு தரமாவது வாய்திறந்து மன்றாட வேண்டும் என்று என் மனது ஏங்கிக் கிடந்தது.

ஒருநாள் அந்தக் கிற்றாரைப் பழைய சாமான் வண்டிக்குக் கொடுத்துவிட்டாள். நான் சண்டைக்குப் போனேன். "சத்தமில்லாமத் தொங்குறதப் பாத்தா, அவர் என்னோட கோவிச்சிட்டு இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். என் சண்டை அதோடு அடங்கிவிட்டது.

போன வருஷம் போனில் அந்த நீலம் வந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: "வித்தியாசமான பேஸ். பாரம் கூட. மேலே போனால் சுதி பிசகும். சிரிப்பதற்காவது வாங்குங்கள்." இப்படி எழுதியவர்களோடு எத்தனை தரம் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. மச்சாளிடம் காட்டினேன். சிலுவையை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போவோம் என்றாள்.

முந்தல் ஊரில் ஒரு சின்னக் கடை. பழைய ரேடியோ, ஸ்பீக்கர் திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவர். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வெளியேறி வந்தவர் என்று கதையில் தெரிந்தது. தங்கூசியை அறுத்தெறிந்துவிட்டுத் தானே இரும்புக் கம்பி போட்டதாகச் சொன்னார். வயரைச் செருகி அடிக்கம்பியைத் தட்டினார்.

மேசை அதிர்ந்தது. தூரத்தில் படகு இயந்திரம் தொடங்குகிற மாதிரி ஒரு கனத்த சத்தம். மேலே விரல் வைத்தபோது எல்லாம் பிசகியது உண்மைதான், ஆனால் விரல் வைக்காத வெறும் கம்பி அப்பழுக்கில்லாமல் நின்றது. மச்சாள் இன்னொரு தரம் தட்டச் சொன்னாள். பிறகு இன்னொரு தரம்.

நானாவுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது ஆரு செஞ்சது, அக்கா?"

"என்ட அவர்" என்றாள் மச்சாள். அடிக்கம்பியை ஒரு விரலால் தொட்டாள். "அவர் மௌத்தாப் போயிட்டார், நானா."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டில் சாவுக்கு இருக்கிற எந்தச் சொல்லும் இத்தனை வருஷமாக அவள் நாக்கில் ஏறவில்லை. பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கேட்டுப் பழகிய அவர்களுடைய சொல்லில், அதை அறிந்த ஒருவரிடம், அவளால் சொல்ல முடிந்தது. நானா வாய்க்குள் ஏதோ ஓதினார். சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார ஒரு கதிரையை அவள் பக்கம் தள்ளினார்.

அதை வாங்கிக்கொண்டு வந்தோம். பாலாவியில் பஸ் மாறினோம். கற்பிட்டி பஸ்ஸில் கிற்றாரை எங்கள் இருவருக்கும் நடுவே நிறுத்தி, மச்சாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நவம்பர் வருதுதானே" என்றாள். "பேரக் குடு."

ஓம் என்றேன்.

பஸ் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அடிக்கம்பி மெதுவாக அதிர்ந்தது. வழியெல்லாம் மச்சாள் அதைக் கையால் அமர்த்தவேயில்லை.