சவுக்கு மண்டி அஸ்கர் பாய் கட்டிய பந்தயம்

பூந்தமல்லியில் பந்தல் போடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் அஸ்கர் பாயின் சவுக்குக் கட்டை மண்டிக்குத்தான் கை காட்டுவார்கள். முப்பது வருஷமாகச் சவுக்கையே பார்த்த கண். ஊசி இலையோடு எது நின்றாலும் அவருக்குச் சவுக்குதான். பக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் என் பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது.

அவர் மனைவி ரோஷன் பேகத்துக்குக் கல்யாணமான நாளிலிருந்து காஷ்மீர் பார்க்க ஆசை. "அங்க இன்னா கீது, குளிருதான் கீது" என்று இருபது வருஷம் தட்டிக்கழித்தவர், போன மாதம் முனகிக்கொண்டே கிளம்பினார். குல்மார்க்கில் பனிக்கு நடுவே ஒரு மரத்தைக் கண்டதும், "நம்ம சவுக்கப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தோம்?" என்றாராம். அந்த அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அங்கேயே பந்தயம். சவுக்கு இல்லையென்றால் அடுத்த வருஷமும் காஷ்மீர். சவுக்குதான் என்றால் காஷ்மீர் பேச்சையே எடுக்கக் கூடாது.

தீர்ப்பு சொல்ல நான். ஊர் திரும்பியதும், அந்த மரத்தடியில் பொறுக்கிய கிளையையும் காயையும் ரோஷன் பேகம் என் மேஜைமேல் வைத்தார். "நீங்களே பாத்து சொல்லுங்கண்ணே."

சவுக்கு ஊசியை இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். சின்ன வயதில் அதைக் கழற்றி மாட்டி விளையாடாதவர் யார்? இது கழலவில்லை, அறுந்தது. எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு கொத்திலும் ஐந்து ஊசி. சவுக்குக் காய் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். இதுவோ ஒரு சாண் நீளம், செதில் செதிலாக, கையெல்லாம் பிசின். போனில் தேடினேன். ஐந்து ஊசிக் கொத்து, தொங்கும் நீளக் காய்: இமயமலை உயரத்தில் வளரும் நீலப் பைன்.

"பாய், நீ தோத்துட்ட" என்றேன். தங்கை ஷாகிதாவுக்குப் போன் போட ரோஷன் பேகம் வெளியே ஓடினார். பாய் சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"அஞ்சு ஊசின்னு அங்கயே எண்ணிட்டேன், கோதண்டம்."

"அப்புறம் இன்னாத்துக்குப் பந்தயம்?" எனக்கு எரிச்சலாக வந்தது.

"இருவது வருசமா வேணாம் வேணாம்னுகினு இருந்துட்டு, இன்னொரு தபா போலாம்னு எந்த மூஞ்ச வச்சிகினு கேக்கறது? அந்தப் பனில அவ சிரிச்சத நீ பாக்கல. பாத்திருந்தா நீயும் தோத்திருப்ப."