எண்பது போன்களில் சியெனி

சலேலோலோங்கா சந்தையில் மீன் மேசைகள் முடிகிற இடத்தில் அலாபாதியின் மேசை இருக்கிறது. ஒரு பழைய லேப்டாப், நாலு வயர், ஒரு பிஸ்கட் டின் நிறையத் திருகாணிகள். ஆளுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். அந்தத் தடித்த விரல்களா இத்தனை சின்னத் திருகாணியைப் பிடிக்கின்றன என்று புதிதாக வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இன்றைக்கு அவனிடம் போனால் உடைந்த கண்ணாடியை மாற்றித் தருவான், சார்ஜர் ஓட்டையில் ஏறிய மணலைக் குத்தி எடுத்துத் தருவான். உள்ளே இருக்கிற சாஃப்ட்வேரில் கை வைக்கச் சொன்னால் மட்டும் தலையை ஆட்டிவிடுவான். ஒரு காலத்தில் எங்கள் சவாயீ தீவு முழுக்க அவன் பேர் அடிபட்டது அந்த வேலைக்குத்தான்.

ஆக்லாந்தில் இருக்கும் நம் சொந்தங்கள் புதுப் போன் வாங்கினால், பழசை மாட்டிறைச்சி டின்களோடு பெட்டியில் போட்டு இங்கே அனுப்பிவிடுவார்கள். ஒரு வருஷம் அங்கே ஏதோ கிடங்கை மூடியபோது, ஒரே மாதிரியான கறுப்புப் போன்கள் எண்பதுக்கு மேல் எங்கள் ஊருக்கே வந்து இறங்கின. வந்தவை எல்லாம் கிழடு. யாருக்கும் வேண்டாத சாமான்களை உள்ளே அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு கல்யாணப் படம் எடுத்தால் இடமில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளும். அலாபாதி ஒரு போனின் உள்ளடக்கம் மொத்தத்தையும் உருவி லேப்டாப்பில் விரித்து, குப்பையை அள்ளிக் கொட்டி, வேண்டியதை மட்டும் வைத்து மறுபடி கட்டி, மற்ற போன்களுக்குள் ஏற்றிவிடுவான். இந்தத் தொழிலில் இதைச் சமையல் என்பார்கள். அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யாருமில்லை. வியட்நாம்காரர்களும் ரஷ்யர்களும் இணையத்தில் எழுதிவைத்ததைப் படகுத்துறையில் உட்கார்ந்து படித்துப் படித்துக் கற்றான். கற்றுக்கொண்ட காலத்தில் பதினோரு போன்களைக் கொன்றான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவனுடைய சமையலில் எல்லாம் சரியாக இருந்தது, கீபோர்டைத் தவிர. நாம் நம் தீவு மொழியில் ஒன்றை எழுதினால் அது இங்கிலீஷில் வேறொன்றாகத் திருத்தி அனுப்பிவிடும். செத்த வீட்டுக்கு எழுதின ஆறுதல் சிரிப்பாய்ச் சிரித்த கதையெல்லாம் உண்டு. நம் மொழி தெரிந்த கீபோர்டை எந்தக் கம்பெனியும் செய்து தரப்போவதில்லை. அதை நாம் செய்துவிட்டால் என்ன என்ற ஆசை அலாபாதியின் தலைக்குள் புகுந்தது. ஆசை நல்லதுதான். அதற்கு அவன் போன வழிதான் கோணல்.

அடுத்த வருஷம் மார்ச் மாதம் சியெனி தன் போனை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதுவும் அந்தக் கறுப்புப் போன்களில் ஒன்று, சார்ஜ் ஏறவில்லை. சியெனி யாரென்றால், ஃபெலெதியின் மனைவி. ஃபெலெதிக்கு இரண்டு பஸ்கள். ஊரில் யார் செத்தாலும் சவ ஊர்வலத்துக்கு இலவசமாக வண்டி விடுவான். கோயில் பாட்டுக் குழுவுக்கு அவன்தான் தூண். அலாபாதிக்குத் துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளைக் கூலி வாங்காமல் ஏற்றி வருபவனும் அவனே. ஊரில் எல்லோரும் சுவரில்லாத வீட்டில் நாலு பேர் கண் முன்னால் வாழ்ந்தபோது, அவன் ஒருவன்தான் சுவர் எழுப்பி, கண்ணாடி வைத்து, திரையும் போட்ட வீடு கட்டியிருந்தான். வசதி வந்தால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஓட்டையைச் சுத்தம் செய்து போனைச் சோதித்த அலாபாதி மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தான். அந்தக் கீபோர்டுக்கு நம் மொழி தெரிந்திருந்தது. இரண்டெழுத்து தட்டினால் மூன்றாவதை அதுவே நீட்டியது. ஒரு சொல் முடிந்தால் அடுத்த சொல்லைக் கொண்டுவந்து வைத்தது. சியெனி ஆக்லாந்திலிருக்கும் அக்காவுக்குக் காலையும் மாலையும் எழுதுகிறவள். அவள் எழுதி எழுதியே அது கற்றுக்கொண்டிருந்தது. அலாபாதி அந்தச் சொற்களை அப்படியே உருவி எடுத்தான். அவளிடம் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. கடலில் தண்ணீர் எடுக்க யாரைக் கேட்கிறோம் என்பது போல எடுத்தான்.

எடுத்ததை லேப்டாப்பில் விரித்துப் படித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற எண் இருந்தது. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற வரிசையும் இருந்தது. ஆள் பேர்களை நீக்கினான், போன் நம்பர்களை நீக்கினான். அப்படியே இறங்கி வருகையில் ‘அடித்தார்’ என்ற சொல் வந்தது. பக்கத்தில் அறுபத்தொன்று. அதற்கு முன்னால் வருவது ‘மறுபடியும்’. பின்னால் வருவது ‘முகத்தில் இல்லை’.

ஊர்க் கிரிக்கெட்டாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஃபெலெதி நன்றாக ஆடுவான், பந்தை அடித்தார் என்று அக்காவுக்குப் பெருமையாக எழுதியிருப்பாள். இதை அவன் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறவன் போல நடிப்பவனை எழுப்ப முடியுமா? அந்தச் சொல்லை அழிக்கவும் அவனுக்குக் கை வரவில்லை. அழித்தால் அது என்னவென்று தனக்குத் தெரிந்துவிட்டதாக ஆகிவிடும். அடி என்ற சொல் இல்லாமல் ஒரு மொழியா, பறை அடிக்கிறோம், ஆணி அடிக்கிறோம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான். போனைச் சியெனியிடம் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான்.

இரண்டு மாதத்தில் எண்பது போன்களும் நம் மொழி பேசின. ஊரே அவனைக் கொண்டாடியது. கீபோர்டு அலாபாதி என்று பட்டப்பேர் வந்தது. பிரசங்கத்தில் போதகர் அவன் பேரைச் சொன்னார். பந்தியில் முன்னால் உட்காரவைத்தார்கள். அவன் மனைவி மசினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அலாபாதியும் வயிறு நிறையத் தின்றான், புகழையும் சேர்த்து.

ஆகஸ்டில்தான் வெடித்தது. வேலை வெட்டி இல்லாத இரண்டு பெண்கள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். ஒரு சொல்லை எழுதிவிட்டு, கீபோர்டு நீட்டுகிற சொல்லையே விடாமல் தட்டிக்கொண்டு போனால் ஒரு வாக்கியம் வரும். யாருக்கு அதிகச் சிரிப்பு வருகிறது என்று பந்தயம். ஒருத்தி ‘அக்கா’ என்று தொடங்கினாள். ‘அக்கா மறுபடியும் அடித்தார் முகத்தில் இல்லை யாரிடமும் சொல்லாதே பஸ் கழுவப் போயிருக்கிறார் வந்துவிடுவார்’ என்று வந்தது. இன்னொருத்தி தன் போனில் தட்டினாள். அதே வந்தது. சாயங்காலத்துக்குள் எண்பது போன்களிலும் எல்லோரும் தட்டிப் பார்த்துவிட்டார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஊரில் பஸ் வைத்திருப்பது ஒரே ஒரு வீடு.

அன்றிரவே அலாபாதியின் குடும்பத் தலைவர், அவனுடைய மாமா தௌவேலா, வந்து உட்கார்ந்தார். குடும்பத்தின் தலைமைப் பட்டம் தாங்கிய மனுஷர், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். நம் வீட்டு ஆள் இன்னொரு வீட்டு மானத்தைச் சந்தியில் விட்டுவிட்டான், நாளை விடியுமுன் இஃபோங்கா போகவேண்டும் என்றார். நம்மில் பெருங்குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்கள்: பாதிக்கப்பட்ட வீட்டின் வாசலில் நல்ல பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு மண்டியிட்டிருப்பார்கள். வீட்டுக்காரன் வந்து பாயை எடுத்தால் மன்னித்தான். எடுக்காவிட்டால் வெயிலில் கிடக்கவேண்டியதுதான். மசினா தன் தாய் கொடுத்த பாயைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கொடுக்கும்போது ஒன்று கேட்டாள்.

“இந்தப் பாயைப் போத்திக்கிட்டு யாருகிட்டய்யா மன்னிப்புக் கேக்கப் போறீங்க? அவ கிட்டயா, அவன் கிட்டயா?”

அலாபாதி மாமாவைப் பார்த்தான். மாமா, வீட்டுக்குத் தலைவன் யாரோ அவனிடம்தான், மற்றது அவர்கள் வீட்டு விஷயம் என்றார். அந்த நேரத்தில் அலாபாதி வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு மார்ச்சிலேயே தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவன் பாயை வாங்கிக்கொண்டான்.

விடியற்காலை மாமாவும் அவனும் ஃபெலெதியின் வாசலில் சரளைக் கல்லில் மண்டியிட்டார்கள். பாய்க்குள் இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. வெளியே ஊர் கூடுகிற சத்தம் கேட்டது. அலாபாதிக்கு முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது. வெயில் ஏறியபின் காலடிச் சத்தம் கேட்டது, பாய் விலகியது. ஃபெலெதி கண்ணீரோடு நின்றான். மாமாவைத் தூக்கிக் கட்டிப்பிடித்தான், அலாபாதியைத் தூக்கிக் கட்டிப்பிடித்தான். பார்த்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பெரிய மனசு, பெரிய மனசு என்று ஊர் முணுமுணுத்தது.

எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டான். கொக்கோ, ரொட்டி, சேம்பங்கிழங்கு. சியெனி ஓரமாக உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அலாபாதி கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஃபெலெதி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சிரித்த முகத்தோடு கேட்டான்.

“தம்பி, இந்த மிஷினப் பத்தி நம்ம தீவுலயே உனக்குத்தான் தெரியும். நீயே சொல்லிடு. அது தானாவே சொல்லுக்குச் சொல்லு முடிச்சுப் போட்டு என்னத்தையோ உளறும், இல்ல?”

ஈ ஓட்டுகிற விசிறி நின்றது. போதகரும் ஊர்ப் பெரியவர்களும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் என்ன சொல்கிறானோ அதுதான் இனி உண்மை என்று அவனுக்குத் தெரிந்தது. பாயை எடுத்து மன்னித்தவன் எதிரே இருந்தான், வயிற்றில் அவன் போட்ட சோறு இருந்தது. இலவசமாக வந்த பெட்டிகள் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தன.

“ஆமாண்ணே. அது தானா கோத்துடும். அர்த்தமெல்லாம் கிடையாது.”

அந்த வீடே மூச்சு விட்டது. யாரோ ஒரு வேடிக்கை சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, பழியை அன்றைக்கு மிஷினின் தலையில் வைத்துவிட்டு ஊர் கை கழுவியது. நாங்களும் கழுவினோம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. விசிறி மறுபடி அசையத் தொடங்கியது.

அடுத்த வாரம் முழுக்க அலாபாதி எண்பது போன்களையும் வாங்கி, அந்தச் சொற்களை ஒவ்வொன்றிலிருந்தும் துடைத்தான். ஃபெலெதி தன் மனைவியின் போனையும் தானே கொண்டுவந்து கொடுத்து, இதையும் பச்சைக் குழந்தை மாதிரி ஆக்கிவிடு என்றான். அதையும் செய்தான். மசினா அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படகு புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது, சியெனி அவன் மேசைக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு பை. ஃபெலெதி தீவின் அந்தப் பக்கம் வண்டி ஓட்டப் போயிருந்தான். அக்கா டிக்கெட் அனுப்பியிருக்கிறாள் என்றும், அடுத்த தீவில், தலைநகர் ஆப்பியாவில் முதலில் போலீசுக்குப் போய்விட்டுத்தான் விமானம் என்றும் சொன்னாள். தான் எழுதியதெல்லாம் தன் போனில் இல்லை, அவனிடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. எண்பது போன்களைத் துடைத்தவன் லேப்டாப்பில் இருந்த முதல் பிரதியைத் துடைக்கவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியாது. ஒரு மெமரி கார்டை எடுத்துச் செருகி அதில் ஏற்றத் தொடங்கினான். தான் அன்று சொன்னது பொய் என்று போலீசில் வந்து சொல்லட்டுமா என்று கேட்க வாயெடுத்தான். சியெனி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைலின் பேருக்குப் பக்கத்தில் தேதி இருந்தது.

“இது என்ன, மார்ச் பன்னெண்டுன்னு போட்டிருக்கு?”

“உங்க போன்ல இருந்து எடுத்த நாளு, அக்கா.”

“அன்னிக்கே படிச்சியா?”

அவன் பொய் சொல்லவில்லை. அதுவரை சொன்னதே போதும் என்றிருந்தது.

“படிச்சேன்.”

அவள் கோபப்படவில்லை. கார்டை வாங்கிக் கைக்குட்டையின் முனையில் முடிந்தாள். பிறகு இடது கையின் மணிக்கட்டை மெதுவாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“கை ஒடிஞ்சது ஏப்ரல்ல. கட்டுப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கமா வந்தேன். பஸ் படியில வழுக்கிடுச்சுன்னு அவர் உங்கிட்ட சொன்னார். படி பாத்து இறங்கக் கூடாதா அக்கான்னு நீ கேட்ட.”

படகின் சங்கு ஊதியது. அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மீன் மேசைகளுக்கு நடுவில் நடந்து போனாள். அலாபாதி எழுந்து நின்றான், ஆனால் அவள் பின்னால் போகவில்லை.