ரூட் அக்காவின் இடது கை

எங்கள் டிரான்ஸ்போர்ட் அலுவலகத் திரையில் லாரிகள் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்க, ரூட் அக்காவின் இடது கை மேசைக்கு மேலே அசைந்துகொண்டே இருக்கும். "போ போ... ரைட்ல ஒடி... ம், அப்படித்தான்." கண்ணாடி வளையல் இரண்டும் கலகலக்கும். பக்கத்து மேசையில் பில் போடும் எனக்கு எரிச்சலாக இருக்கும். புள்ளிக்குக் காது இருக்கிறதா என்ன? அவருடைய தம்பி ஓட்டும் லாரி, ரோடு இரண்டாகப் பிரியும் கல்குவாரிப் பிரிவுக்கு வரும்போது மட்டும் குரல் குழையும். "இப்படித் திரும்பினா வீடுதான். ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன்டா." கை இடப்பக்கம் வளையும்.

லாரி பாதை மாறினால் காரணம் குறிப்பது அவர் வேலை. இரண்டே சொற்கள்தான். புது டிரைவர்களுக்கு அவரே விளக்குவார்: "ரோட்டுல இன்னொருத்தர் உன்னைத் திருப்பி விட்டா டைவர்ஷன். உன்மேல தப்பில்ல. நீயா திரும்பினா டீவியேஷன். அது மூணு தடவை ஆச்சுன்னா, கண்ணு, நீ வீட்டுக்குத்தான் ரூட் பாக்கணும்." சிரிக்காமல் சொல்வார். பாரபட்சம் மருந்துக்கும் கிடையாது. சொந்தத் தம்பிக்கே இரண்டு டீவியேஷன் போட்டவர்.

இரண்டும் அந்தக் குவாரிப் பிரிவில்தான். அங்கே ரோட்டு வேலையும் இல்லை, போலீசும் இல்லை. இரண்டாவது முறை தம்பி அலுவலகத்துக்கே வந்து கெஞ்சினான்.

"யாரோ கையைக் காட்டித் திருப்பி விட்டாங்கக்கா."

"யாரு?"

"ஆளைப் பாக்கல. புதர் ஓரமா கை மட்டும்தான். கண்ணாடி வளையல் போட்ட கை."

"பிள்ளைகுட்டிக்காரன் விடற கதையாடா இது!" என்று அக்கா அதட்டினார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அதன்பிறகு தம்பியின் புள்ளி குவாரியை நெருங்கினாலே, இடது கையைத் தொடைக்கடியில் திணித்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "சும்மா கெடக்கட்டும்" என்பார்.

நேற்று பட்டப்பகல். அக்கா கைமேல் உட்கார்ந்திருந்தார். தம்பியின் புள்ளி பிரிவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, அந்தக் கை இங்கதான் இருக்கு. இன்னிக்கு அசையவே மாட்டேங்குது. எதுக்கோ அடியில மாட்டின மாதிரி நசுங்கிக் கெடக்கு. பயமா இருக்குக்கா. நான் எந்தப் பக்கம் போறது?"

இன்னொரு முறை திரும்பினால் வேலை போய்விடும், அவன் வீட்டில் அடுப்பெரியாது. அக்கா மெல்லக் கையை உருவினார். நாற்காலியின் தடம் சிவப்பாக விழுந்திருந்தது. திரையைப் பார்த்தபடி அதை முன்னால் நீட்டி, நேரே போ என்று காட்டினார். வளையல் ஒலித்தது. போனிலும் ஒலித்தது.

"நேரா போகச் சொல்லுதுக்கா..."

புள்ளி நகர்ந்து பிரிவைத் தாண்டியது.

அக்கா, தம்பியின் பெயருக்கு எதிரே தான் குறித்திருந்த இரண்டு டீவியேஷனையும் அழித்தார். அதே இடது கையால், ஒவ்வோர் எழுத்தாக, டைவர்ஷன் என்று அடித்தார்.