ஸுஹைறா கஞ்சிக்குப் போன நாள்

ஸுஹைறா வீட்டை விட்டு இறங்கியது ஒரு புதன்கிழமை நண்பகலில். கணவன் மௌத்தாகி இரண்டாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தா இருக்கும் பெண், தலையிலிருந்து கால்வரை வெள்ளைச் சீலை போர்த்து, கையில் தூக்குச்சட்டியோடு, கல்முனையின் ஓர் ஒழுங்கையில் பட்டப்பகலில் நடந்துபோனாள். கடை வாசலில் நின்ற ஆண்கள் பாம்பைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் போனது சேர்ச்சுக்கு. ஊர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. அதுதான் இத்தா. தேவைக்காகப் பகலில் வெளியே போக அவளுக்கு அனுமதி உண்டென்று மார்க்கப் புத்தகங்களே சொல்கின்றன. புத்தகம் திறந்து வைத்த கதவை ஊர்தான் பூட்டியது. பூட்டியவர்களில் எவரும் அந்த நாட்களில் பட்டினி கிடந்தவர்கள் அல்லர்.

ஸுஹைறா சாய்ந்தமருதில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். கடலுக்குக் கிட்ட அவளுடைய வாப்பா கட்டிய இரண்டு அறை வீடு, 2004 டிசம்பர் சுனாமியில் வாப்பாவோடும் உம்மாவோடும் சேர்ந்து போய்விட்டது. அடுத்த வருடங்களில் எத்தனையோ வீட்டுத் திட்டங்கள் வந்தன. செல்வாக்குள்ளவர்களுக்கு இரண்டு வீடும் கிடைத்தது. ஸுஹைறாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வீடில்லாத பெண்ணைக் கட்ட ஒப்புக்கொண்டவன் மிஹ்லார், படகில் கூலிக்குத் தொழிலுக்குப் போகிறவன். கல்முனையில் தன் ராத்தா, மூத்த சகோதரி ஸைனம்புவின் வீட்டு வளவில் பின்பக்கம் கிடந்த ஒற்றை அறைக்கு அவளைக் கூட்டிவந்தான். அந்த வளவு ஸைனம்புவின் சீதனம். ஸுஹைறா அங்கே கடைசிவரை விருந்தாளிதான். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவள் இன்ஷிராவுக்கு இந்தக் கதை நடக்கும்போது பதின்மூன்று வயது, சின்னவள் சிபானாவுக்கு மூன்று.

2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் மணலில் ஏறின. நோன்பு மாதம் பள்ளிவாசல் கஞ்சியோடு போயிற்று. அந்தக் கஞ்சிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை, தமிழ் ஆட்களும் வந்து வாங்குவார்கள். பெருநாளோடு கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். மிஹ்லார் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த ஸஹீத் ஹாஜியாரிடம் உதவி கேட்டுப் போனான். உங்கட குடும்பப் பதிவு மனைவியின் ஊரில், சாய்ந்தமருதுப் பள்ளிவாசல் மஹல்லாவில்தானே இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார். சாய்ந்தமருதில், நீங்கள் கல்முனையில் அல்லவா இருக்கிறீர்கள் என்றார்கள். பசிக்கு எல்லை பிரித்து வைத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒழுங்கைத் தலைப்பில் இருந்த சின்ன சேர்ச், மதியத்தில் கஞ்சி காய்ச்சத் தொடங்கியது. சில தமிழ்க் குடும்பங்கள் மட்டும் கும்பிடும் இடம் அது. 2019 ஈஸ்டர் ஞாயிறில் சேர்ச்சுகளில் குண்டு வெடித்த பிறகு வெகுகாலம் அதன் கேற்றில் துப்பாக்கியோடு ஆமிக்காரன் நின்றான். முஸ்லிம்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தார்கள். கஞ்சி காய்ச்சத் தீர்மானித்தபோது, சேர்ச்சுப் பெண்கள் பழைய பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுப் புதுக் கிடாரம் வாங்கினார்கள். முஸ்லிம் ஆட்கள் அருவருக்கக் கூடாதென்று அதில் இறைச்சியே போடுவதில்லை என்றும் முடிவெடுத்தார்கள். அரிசி, பயறு, தேங்காய்ப்பால், கிடைத்தால் சோயா.

அகப்பை பிடித்தவள் நேசம்மா. பாலர் பாடசாலையில் ஆயாவாக இருந்தவள். மிஹ்லார் உயிரோடு இருந்த அந்த நாட்களில், முதல் நாள் ஸுஹைறா சட்டியை நீட்டாமலே நின்றாள்.

"அக்கா, நாங்க இஸ்லாம் ஆக்கள்."

"அதுக்கு? உங்கட ஆக்களுக்கு வயிறு முதுகிலயா இருக்கு? நீட்டு புள்ள, பின்னால ஆக்கள் நிக்கிறாங்க."

அவ்வளவுதான் விசாரணை. பெயர் எழுதவில்லை, படம் எடுக்கவில்லை, கும்பிடச் சொல்லவில்லை. எங்கே இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு நாளாக ஆக, வரிசையில் நின்று கதைத்து, இருவரும் தாங்களாகவே அறிந்துகொண்டார்கள்.

மிஹ்லாருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. கரையில் படகு தள்ளும்போது காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது. காயம் அழுகியது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியில் வாங்கிவரச் சொன்னார்கள். வெளியிலும் இல்லை. ஜூனில் மௌத்தானான். அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி அடக்கினார்கள். நாட்டின் பணத்தைத் தின்று தீர்த்துவிட்டு மருந்துக் கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தவர்களின் பங்கையும் சேர்த்து அல்லாஹ்வின் தலையில் போட்டார்கள். அவர்களுக்கு அது வசதி.

மையத்து வீட்டுக்கு மூன்று நாள் அயலவர் சோறு கொடுத்தார்கள். நான்காம் நாளிலிருந்து இன்ஷிரா சேர்ச்சுக்குப் போய்க் கஞ்சி வாங்கிவந்தாள். ஒரு கிழமைகூட ஆகவில்லை, ஸஹீத் ஹாஜியார் வந்துவிட்டார். அறைக் கதவில் தொங்கிய சீலைக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இத்தா இரிக்கிற வீட்டுக்குள்ள சேர்ச்சுச் சாப்பாடு வரலாமா? ஊரெல்லாம் கதைக்கிறாங்க."

"புள்ளைகள் பசியில இரிக்கிதுகள், ஹாஜியார்."

"அத நிப்பாட்டுங்க. மறுகா நாங்க பாக்கிறம்."

"நோன்புக்குப் பொறகு அவர் வந்து கேட்டதுக்கு, சாய்ந்தமருதுல கேக்கச் செல்லினீங்க."

"அது அப்ப. இது இப்ப ஊர்ட மானம்."

மிஹ்லாரின் பசி சாய்ந்தமருதுக்குச் சொந்தமாக இருந்தது. அவனுடைய பிள்ளை சேர்ச்சு வரிசையில் நின்றதும், அந்தக் குடும்பம் ஒரே நாளில் கல்முனைக்குச் சொந்தமாகிவிட்டது. ஸுஹைறா ஒப்புக்கொண்டாள். சீலைக்குப் பின்னால் இருக்கிறவள், இன்னொருத்தியின் வளவில் இருக்கிறவள், வேறு என்ன சொல்வாள்?

ஹாஜியாரின் ஆட்கள் சொன்னபடியே வந்தார்கள். ஒரு பை: அரிசி, பருப்பு, மா, சீனி. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர்களுக்குக் காட்டப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். இத்தாப் பெண்ணைப் படம் எடுக்க முடியாது. அதனால் இன்ஷிராவைச் சுவரோடு நிறுத்தி, பையைக் கையில் கொடுத்து எடுத்தார்கள். முகத்தை நிமிர்த்து என்று ஒருவன் சொன்னான். அன்று பின்னேரமே படம் பேஸ்புக்கில் வந்தது. மறுநாள் வகுப்பில் ஒருத்தி அதைத் தன் உம்மாவின் போனில் கொண்டுவந்து காட்டினாள். இன்ஷிரா பாதிப் பள்ளிக்கூடத்தில் எழுந்து வந்து, சீருடையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். இனி ஓர் இடத்துக்கும் ஏனம் தூக்கிக்கொண்டு போகமாட்டேன் என்று உம்மாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு கிணற்றடிக்குக்கூட இருட்டியபின்தான் போனாள்.

பை முடிந்தது. ஸைனம்பு போய்க் கேட்டுப் பார்த்தாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான் என்று பதில் வந்தது.

சேர்ச்சில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். இன்ஷிரா வராமல்போன இரண்டாம் நாளே நேசம்மா தேடி வந்தாள். வேலியடியில் நின்ற ஸைனம்பு, இத்தா வீடு, ஒருவரும் வரப்படாது என்றாள். நேசம்மா அதை முழுதாக எடுத்துக்கொண்டாள். வேற்றுச் சமயத்தாரின் முகமும் ஆகாது, கையால் ஆக்கியதும் ஆகாது என்று தானாகவே கூட்டிச் சேர்த்துக்கொண்டு போய், போதகரிடம் சொன்னாள். அவங்கட மார்க்கம், நாம குழப்பப்படாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கிடாரத்தில் கஞ்சி மிஞ்சிய நாட்களிலும் அந்த வீட்டுப் பக்கம் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு மரியாதை. ஐம்பது கெஜ தூரத்தில் ஒரு சமூகம் மானத்தாலும் இன்னொரு சமூகம் மரியாதையாலும், மூன்று வயதுப் பிள்ளை ஒன்றைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தன. இரண்டு பக்கத்திலும் ஒருவராவது சீலையை விலக்கி, உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்கவில்லை.

ஸைனம்புவைக் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் புருஷனுடைய ஓட்டோ பெற்றோல் இல்லாமல் வாசலில் நின்றது. அவள் வீட்டு அடுப்பும் ஒருநேரம்தான் எரிந்தது. தேங்காய்ப்பூ போட்ட சோற்றில் ஒரு பிடியை இந்தப் பக்கம் அனுப்புவாள், சில நாள் அதுவும் இருக்காது.

சிபானா முதலில் அழுதாள். பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். பாயில் கிடந்து முகட்டைப் பார்த்தாள். தலைமயிர் செம்பட்டை பாய்ந்தது. பிள்ளையின் நிறை பார்க்க வந்த அரசாங்க மருத்துவிச்சி, மிட்வைவ் சுலோஜனா, பிள்ளையைத் தூக்கியபோதே முகம் மாறினாள்.

"இந்தப் புள்ளைக்கு வருத்தம் ஒண்டும் இல்ல. சாப்பாடு இல்ல, அவ்வளவுதான். இனி ஒரு காய்ச்சல் வந்தாலும் தாங்காதும்மா."

அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் நண்பகலில் ஸுஹைறா தூக்குச்சட்டியை எடுத்தாள். முற்றத்தில் ஸைனம்பு குறுக்கே வந்து நின்றாள். அவளுடைய மகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை பாலமுனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

"மதினி, வெள்ளிக்கிழமை போகட்டும். அதுக்குப் பொறகு எங்கயெண்டாலும் போங்க, நான் தடுக்கமாட்டன். என்ட புள்ளையையும் பாருங்ககா."

"சிபானாட உடம்புக்கு வெள்ளிக்கிழமை தெரியாது மதினி."

ஸைனம்பு விலகவில்லை. ஸுஹைறா அவளைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அவள் சேர்ச்சு வளவுக்குள் நுழைந்தபோது கஞ்சி முடிந்து, நேசம்மா கிடாரம் கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீலையைக் கண்டதும் பதறி எழுந்து, போதகரைப் பார்த்து அங்கால திரும்புங்க ஐயா என்று கத்தினாள். மனிதர் ஒன்றும் விளங்காமல், தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பையனைப்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிவரை திரும்பவில்லை.

"புள்ள, நீ வெளியில வரப்படாதே. எங்கட சாப்பாடும் உங்களுக்கு இப்ப ஆகாதே."

"ஆரு செல்லின?"

நேசம்மா யோசித்துப் பார்த்தாள். சொன்னவர் யாருமில்லை.

"நாங்களாத்தான் நினைச்சம்," என்றாள்.

"கஞ்சி இரிக்கா அக்கா?"

கிடாரத்தில் கழுவிய தண்ணீர்தான் இருந்தது. நேசம்மா உள்ளே போய்த் தன் மத்தியானச் சோற்றை, வாழையிலையோடு, அப்படியே தூக்குச்சட்டிக்குள் கவிழ்த்தாள். போதகர் சுவரைப் பார்த்தபடியே, என்ர சாப்பாட்டுப் பெட்டியும் மேசையில இருக்கு நேசம்மா என்றார். அதையும் போட்டாள். ஸுஹைறா திரும்பி நடக்கையில் நேசம்மா தன் தலையில் அடித்துக்கொண்டாள். அழுதாள் என்றும் சொல்கிறார்கள்.

மறுநாளிலிருந்து கஞ்சி பின்வேலிக்கு வந்தது. நேசம்மாவே கொண்டுவந்தாள். முதல் வாளி, வரிசை தொடங்குமுன். இன்ஷிராவுக்கு வெளியே வர வேண்டியிருக்கவில்லை, ஸுஹைறா வேலிக்கு மேலால் வாங்கிக்கொண்டாள். சிபானா முதலில் கரண்டிக் கணக்கில் குடித்தாள், பிறகு கோப்பைக் கணக்கில். சுலோஜனா அடுத்த முறை வந்தபோது பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பிள்ளை பிழைத்தது.

வெள்ளிக்கிழமை பாலமுனையிலிருந்து யாரும் வரவில்லை. வண்டி கிடைக்கவில்லை என்று போனில் சொன்னார்கள். அடுத்த கிழமை வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவமான குடும்பத்தில் எப்படிப் பெண் கொள்வது என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டாளாம். அந்த வேதத்தில் ஒரு வரிகூட ஸுஹைறாவின் காதில் விழுந்ததில்லை. ஐந்து நேரமும் தொழுதாள். இத்தாவின் மிச்ச நாட்களையும் ஒன்றும் விடாமல் இருந்து முடித்தாள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பாலமுனைச் செய்தி வந்த அன்று ஸைனம்பு அறைவாசலில் வந்து நின்றாள்.

"உங்கட புள்ள தின்னட்டும். என்ட புள்ள இரிக்கட்டும்."

அதுதான் அவள் ஸுஹைறாவிடம் கடைசியாகக் கதைத்தது. வளவை விட்டுப் போகச் சொல்லவில்லை. கதைக்கவும் இல்லை.

ஸுஹைறா அடுத்த நாள் கஞ்சி வந்ததும் பாதியை ஓர் ஏனத்தில் ஊற்றி, இரண்டு குசினிக்கும் நடுவில் இருந்த அரைச்சுவரில் வைத்தாள். பின்னேரம்வரை அது அங்கேயே இருந்தது, ஈ மொய்த்தது. மறுநாளும் வைத்தாள். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்தபோது ஏனம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அந்தக் கஞ்சி நின்றுபோகும்வரை, வருடக் கடைசிவரை, அப்படியே நடந்தது. ஏனம் போகும், கழுவி வரும்.

ஸுஹைறா இப்போது இடியப்பம் அவித்து விற்கிறாள். இன்ஷிரா பிழிந்து கொடுக்கிறாள், பள்ளிக்கூடம் போகவில்லை. ஸைனம்புவின் மகளுக்கு இன்னும் கலியாணம் சரிவரவில்லை. மதினிமார் இருவரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறார்கள். ஒருத்தி அள்ளி முடியும்வரை மற்றவள் தள்ளி நிற்பாள். அள்ளியவள் வாளியை நடுவில் வைத்துவிட்டுப் போவாள்.